மும்பையின் இரண்டு கடல் பாலங்கள்: ஊரிலிருந்து வந்தவர்களை எதற்குக் கூட்டிப் போவது?

முன்பெல்லாம் ஊரிலிருந்து வருகிறவர்கள் ஸீ லிங்க்கைத்தான் கேட்பார்கள். 2024 ஜனவரியில் அடல் சேது திறந்ததிலிருந்து, "இருக்கறதுலேயே நீளமான பாலத்தக் காட்டு" என்கிறார்கள். இரண்டிலும் பலமுறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையில் ஒரே ஒரு சாயங்காலம்தான் என்றால் பாந்த்ரா–வொர்லி ஸீ லிங்க்குக்கே போங்கள்.

நீளத்தில் போட்டியே இல்லை. மாஹிம் விரிகுடாவைத் தாண்டும் ஸீ லிங்க் 5.6 கிலோமீட்டர். செவ்ரியில் தொடங்கி நவி மும்பைப் பக்கம் இறங்கும் அடல் சேது 21.8 கிலோமீட்டர், அதில் 16.5 கடலுக்கு மேலேயே ஓடுகிறது. ஆனால் பாலத்தில் போவது வேறு, பாலத்தைப் பார்ப்பது வேறு. இரண்டிலும் நடக்க முடியாது, பைக்கோ ஆட்டோவோ ஏற முடியாது, வண்டியை நிறுத்தினால் அபராதம். அதனால் கரையில் நின்று பார்க்க எது வாய்க்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அங்கேதான் ஸீ லிங்க் ஜெயிக்கிறது. பாந்த்ரா ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்து, போர்ச்சுக்கீசியர் 1640இல் கட்டிய கோட்டைக்குப் போங்கள். பாலம் கிட்டத்தில் தெரியும். போன வருஷம் திருநெல்வேலியிலிருந்து வந்த சித்தியை அங்கேதான் உட்காரவைத்தேன். வெயில் இறங்க இறங்க, 126 மீட்டர் கோபுரத்திலிருந்து விசிறியாகப் பிரியும் கம்பிவடங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. "பாலத்தக் கயித்துல கட்டித் தொங்கவிட்ட மாதிரில்லா இருக்கு" என்றார் சித்தி. நடு இடைவெளிகளில் நிஜமாகவே அப்படித்தான்: 264 வடங்கள்தான் தளத்தைத் தாங்குகின்றன. கோட்டைப் படி ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால் தாதர் கடற்கரைக்குப் போகலாம். அம்பேத்கரின் சைத்யபூமிக்குப் பக்கத்திலுள்ள பார்வைத் தளத்திலிருந்து விரிகுடாவின் குறுக்கே பாலம் முழு நீளத்துக்கும் தெரியும்.

அடல் சேதுவில் கோபுரமும் இல்லை, வடமும் இல்லை. கீழே கப்பல், படகு போக வழிவிட, தூணுக்குத் தூண் 180 மீட்டர் வரை எஃகுத் தளத்தையே நீட்டியிருக்கிறார்கள். பொறியாளர்களுக்கு அது பெரிய விருந்து. தூரத்திலிருந்து பார்க்கிற நமக்கோ தண்ணீர்மேல் இழுத்த ஒரு கோடு. அதன் அருமை உள்ளே போனால்தான் தெரியும்: கார் சீராக ஓட, இருபுறமும் கடல், கடல், இன்னும் கடல். ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கம் மட்டும் கொஞ்ச தூரம் தடுப்பு மறைக்கும். அதனால் திரும்பி வரும்போது, மும்பையை நோக்கிய பயணத்தில், இடது ஜன்னலைப் பிடியுங்கள். எலிஃபண்டா தீவின் மேடு அந்தப் பக்கம்தான். ஸீ லிங்க்கிலும் இடது ஜன்னல்தான், ஆனால் வொர்லியிலிருந்து பாந்த்ரா போகும்போது. திறந்த அரபிக்கடல் அப்போதுதான் கிடைக்கும்.

செலவையும் பாருங்கள். காருக்கு அடல் சேதுவில் திறந்தபோது வைத்த சுங்கம் ஒருவழிக்கு 250 ரூபாய். ஸீ லிங்க்கில் 2024 ஏப்ரல் முதல் 100. அடல் சேது வழியாக மும்பை மாநகர பஸ்ஸும் (பெயர் 'பெஸ்ட்') விட்டார்கள். கிளம்பும் முன் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். புணே, அலிபாக் பக்கம் எப்படியும் போகப்போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடல் சேதுவில் போகலாம்.

குளிர்காலத்தில் வந்தால் மட்டும் என் கணக்கு மாறும். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் வந்து செவ்ரியில் இறங்கி, பழைய படகுத்துறைக்கு நடந்து போங்கள். நீர் வற்றும் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். சேறு வெளியே தெரிந்ததும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கி, அலகைத் தலைகீழாகச் சேற்றுக்குள் விட்டு மேயும். அவற்றுக்குப் பின்னால் அடல் சேது தொடங்குகிறது. காருக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்காத காட்சி அது, சுங்கமும் கிடையாது.