கேசானோடு மூன்று வருடம்: ஒரே ஒரு முறைதான் கத்தும்

"உன்ற கெர்னல்ல கேசான் போட்டுத்தான் ஓட்டுறியாமா, நாங்க மில்லுக்கு அனுப்புற பெட்டியிலயும் போடலாமாடா?" என்று போன வாரம் திருப்பூரிலிருந்து பழைய ஹாஸ்டல் நண்பன் கேட்டான். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தேன்; கோபத்தில் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கேசான் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மெமரியைத் தப்பாகத் தொடுவதைப் பிடித்துச் சொல்லும் கருவி. கன்ஃபிக்கில் எதை ஆன் செய்வது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

நான் சரவணம்பட்டியில் உட்கார்ந்து, பின்னலாடைத் துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்க்கும் கேமரா பெட்டிக்கு டிரைவர் (கேமராவைக் கெர்னலோடு பேசவைக்கும் மென்பொருள்) எழுதுகிறவன். மூன்று வருடம் முன்பு பல்லடம் பக்கம் ஒரு யூனிட்டில் எங்கள் பெட்டி வாரத்துக்கு இரண்டு முறை நின்றுபோகும். சூப்பர்வைசர் அண்ணன் காலையில் கூப்பிட்டால் போதும், "ஏனுங் தம்பி, மறுக்கா நின்னுபோச்சுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். லாக்கை எடுத்துப் பார்த்தால் ஒருநாள் ஃபைல் சிஸ்டத்தில் விழுந்திருக்கும், இன்னொரு நாள் நெட்வொர்க்கில். எங்கள் டிரைவர் மாட்யூலின் பெயரே இருக்காது.

கேசான் போட்ட கெர்னலில் கேமரா கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். பதினோராவது தடவை சிக்கியது. யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ, அதாவது விட்டுவிட்ட மெமரியை மறுபடி தொட்டது; எட்டு பைட் ரீட். 256 பைட் துண்டுக்குள் 40 பைட் தள்ளி. அதற்குக் கீழே, இந்த மெமரியை வாங்கியது யார், விட்டது யார் என்று இரண்டு ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) தனித்தனியாக. கடைசியில் எஃப்பி எஃப்பி எஃப்பி என்று ஷேடோ பைட்டுகள் (எந்த மெமரியைத் தொடலாம் என்று கேசான் வைத்துக்கொள்ளும் குறிப்பு; எஃப்பி என்றால் விட்டுவிட்டது) வரிசையாக நிற்க, ஒன்றுக்குக் கீழே மட்டும் கூரை மாதிரி ஒரு குறி. மெமரியை விட்டது எங்கள் ரிமூவ் ஃபங்ஷன், தொட்டது எங்கள் டைமர். டெல் டைமர் என்று எழுதியிருந்தோம். பிராசஸரின் இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கும் டைமர் முடியும்வரை அது காத்திருக்காது. அந்தப் பெயருக்குப் பின்னால் காத்திருக்கச் சொல்லும் 'சிங்க்' ஒன்று சேர்த்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணன் பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டார்.

அந்த இரண்டு ஸ்டாக்குக்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எட்டு பைட்டுக்கு ஒரு ஷேடோ பைட் என்பதால் 4 ஜிபி பெட்டியில் அரை ஜிபி அதற்கே போய்விடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு. கேசான் கெர்னலுக்கென்று பில்ட் செய்த மாட்யூலை மறந்துபோய்ச் சாதா கெர்னலில் ஏற்றினால் அன்நோன் சிம்பல் என்று முறைக்கும். சரி, இதெல்லாம் சொல்லிவிட்டுச் செய்கிற தொல்லை.

சொல்லாமல் செய்வது ஒன்று உண்டு. முதல் தப்பை மட்டும்தான் கேசான் எழுதும். அதற்கப்புறம் ரீபூட் வரைக்கும் எத்தனை தப்பு நடந்தாலும் வாயே திறக்காது. ராத்திரி ஒரு விசில் அடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் வாட்ச்மேன். பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் கேசான் மல்டி ஷாட் என்று சேர்த்தால் சரியாகிவிடும், ஆவணத்திலும் அப்படித்தான் இருக்கிறது. முதல் தப்பு மெமரியைக் கெடுத்திருந்தால் பின்னால் வருகிற ரிப்போர்ட்டை நம்ப முடியாது என்ற நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் போன மாதம் டெஸ்ட் பெட்டிக்குப் புது எஸ்எஸ்டி மாற்றியபோது அந்த வரி போய்விட்டது. இரண்டு நாள் டெஸ்ட் ஓட்டினேன். எங்கள் மாட்யூல் பெயரை வைத்து கெர்னல் லாக்கான டிமெசேஜில் க்ரெப் அடித்துத் தேடினால் ஒன்றுமில்லை. சுத்தம் என்று நினைத்து ரிலீஸுக்குக் கொடுத்தேன். பிறகு பார்த்தால், பூட் ஆகும்போதே எங்கிருந்தோ வாங்கிப் போட்ட வைஃபை டிரைவர் ஒரு தப்புச் செய்து, இருந்த ஒரே ரிப்போர்ட்டையும் தின்றுவிட்டிருக்கிறது. எங்கள் தப்பு வழக்கம்போல் மில்லில்தான் தெரிந்தது.

கெர்னலில் என்னென்ன வில்லங்கம் நடந்தது என்று கூட்டிக் காட்டும் டெயின்ட் எண் 4128 என்று கண்ணெதிரே நின்றது. கெர்னலுக்கு வெளியே எழுதிய மாட்யூலுக்கு 4096, அது எப்போதும் இருப்பது. மீதி 32 ஏன் என்று ஒரு கழித்தல் போட்டிருந்தால், கேசான் ஏற்கெனவே ஒரு முறை கத்திவிட்டது என்று தெரிந்திருக்கும். போடவில்லை, அது என் தப்பு. இருந்தாலும் "இனிமேல் பேசமாட்டேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடங்கினால் என்ன குறைந்துவிடும் அதற்கு?

மாப்ளே, மில்லுக்குப் போகிற பெட்டியில் இதைப் போடாதே, எந்திர வேகத்துக்கு ஈடு கொடுக்காது. கெர்னல் 5.12-லிருந்து இதே வேலையை இலேசாகச் செய்கிற கேஃபென்ஸ் இருக்கிறது, அதைப் போடு. 2 எம்பிதான் எடுக்கும். 100 மில்லிசெகண்டுக்கு ஒரு அலொகேஷனை (மெமரி வாங்குவதை) மட்டும் காவல் காப்பதால் சிக்குவது அதிர்ஷ்டம்தான், ஆனால் நிறையப் பெட்டிகள் ராவும் பகலும் ஓடினால் என்றாவது சிக்கும். உன் மேசையில் கேசானே போடு, வேறு வழியில்லை.

மார்க் போடச் சொன்னால் இன்றைக்குப் பத்துக்கு நாலு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் டெஸ்ட் பெட்டியையே எடுத்துக்கொண்டு போ. ஒரு வாரம் அதன் முகத்தில் முழிக்க எனக்கு இஷ்டமில்லை.