பொருளுக்கு வெளிச்சம், விலைக்கு நிழல்

பக்க வடிவமைப்பு என் தொழில். வாள் சண்டை விளையாட்டில் ஒரு கவசம் வாங்கப் போனாலும் என் கண் முதலில் எழுத்துருவைத்தான் பார்க்கும். நான் விளையாடும் விளையாட்டின் கடையைச் சமீபத்திய அப்டேட்டில் அடியோடு மாற்றிவிட்டார்கள். பழைய கடையை யாரும் அழகு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்: பழுப்புக் காகிதப் பின்னணி, நெருக்கியடித்த சிறு கட்டங்கள், கயிறு முறுக்கிய ஓரம். ஆனால் விளையாட்டின் வரைபடமும் அதே காகிதத்தில்தான் இருந்தது. கடைக்குள் போனாலும் அந்த உலகத்தை விட்டு வெளியே வந்ததாகத் தோன்றாது.

இப்போது காகிதம் போய்விட்டது. தட்டையான கருஞ்சாம்பல் பின்னணி, முனை மழுங்கிய பெரிய அட்டைகள். கார் பந்தய விளையாட்டின் கடை என்று சொன்னாலும் நம்பலாம்.

என் எரிச்சலைத் தணித்தது முன்னோட்ட மேடைதான். முன்பு கவசங்களை ஸ்டூடியோ வெளிச்சத்தில் தனியே படமாக்கி ஒட்டியிருந்தார்கள். கடையில் தங்கமாக ஜொலித்த தோள்கவசம் மழைக்காட்டுக்குள் போனதும் பித்தளையாகிவிடும். இப்போது உடையை நம் கதாபாத்திரத்துக்கே அணிவித்து, பகல், இரவு, மழை என்று விளையாட்டின் சொந்த வெளிச்சத்திலேயே பார்க்கலாம். ஓடவும் விடலாம். ஓடும்போது மேலங்கி தொடைக்குள் புகுந்து வெளிவரும் குறையைக்கூட மறைக்கவில்லை. விற்கிறவர் தானே குறையைக் காட்டுவது அபூர்வம். அதைப் பார்த்துத்தான் ஒரு மேலங்கியை வேண்டாம் என்று விட்டேன்.

அரிய பொருள்களுக்கான குறிகளும் தேறியிருக்கின்றன. சாதாரணப் பொருளுக்கு வெள்ளை, அதற்கு மேல் பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்ற வரிசை, 2004இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வந்த காலத்திலிருந்தே விளையாடுகிறவர்களுக்குப் பழக்கம். பழைய கடை நிறத்தை மட்டுமே நம்பியிருந்தது. சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாத என் தம்பிக்கு, அதில் பச்சையும் ஆரஞ்சும் ஒரே மங்கல் நிறம். இப்போது ஒவ்வொரு படிக்கும் மூலையில் ஒரு வடிவமும் உண்டு: வட்டம், சதுரம், நட்சத்திரம். என்னைக் கேட்காமலே அவன் பொருள் தேர்ந்தெடுக்கிறான்.

இனி விலை. பொருளுக்குக் கொட்டிய வெளிச்சத்தில் ஒரு துளிகூட விலைக்குக் கிடைக்கவில்லை. அட்டையின் அடியில், கருஞ்சாம்பல் மேல் வெறும் சாம்பலில், மெல்லிய எழுத்தில், விளையாட்டுக்குள் பணமாகச் செல்லும் ஜெம்மில் விலை ஒளிந்திருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. திரையைப் படமெடுத்து அளந்தேன். இங்கே மூன்றைக்கூடத் தொடவில்லை. சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சியில் விளையாடுகிறவர் விலையைப் படிக்க எழுந்துதான் போக வேண்டும். ‘விரைவில் முடிகிறது’ என்று பக்கத்தில் ஓடும் கடிகாரமோ பளீர் மஞ்சள்! ஒரே அட்டையில் இரண்டு எண்கள். ஒன்று கத்துகிறது, ஒன்று முணுமுணுக்கிறது. இது தற்செயல் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். பக்கம் வடிவமைக்கிற எவரும் நம்ப மாட்டார்.

வாங்கும் பொத்தானில் மட்டும் நேர்மை இருக்கிறது. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் குழப்பமான பொத்தான் அமைப்பால், ஒரே அழுத்தில் வேண்டாத பொருளுக்குப் பணம் போனது என்று, அமெரிக்காவில் நுகர்வோர் நலன் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர அதை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதாக 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அந்தச் சூடு இங்கேயும் எட்டியிருக்கும்போல. பொத்தானை அழுத்திப் பிடித்து, சுற்றியுள்ள வளையம் நிரம்பினால்தான் ஜெம் கழிகிறது. இடையில் விட்டால் ஒன்றும் ஆகாது. அவசரக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

தேடல் பெட்டி வேலை செய்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அமைப்புகள் பகுதியில், அணுகல் வசதிகளுக்குள், ‘அதிக ஒளி வேறுபாடு’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் விலை வெள்ளையாகிறது, எழுத்தும் சற்றுத் தடிக்கிறது. கடைக்குள் நுழையும் முன் அதைப் போட்டுவிடுங்கள்.