கடைசிப் பொத்தானிலிருந்து தொடங்கிய உதவி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

என் தம்பிக்கு 34 வயதாகிறது. டவுன் சிண்ட்ரோமுடன் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) பிறந்தவன். பேச்சு குறைவு, ஆனால் மற்றவர்கள் பேசுவதை நன்றாகப் புரிந்துகொள்வான். பல் துலக்குவதிலிருந்து படுக்கையை விரிப்பது வரை அவனுடைய நாளை இத்தனை ஆண்டுகளாக நடத்தி வந்தவர் அம்மா. அம்மாவின் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்த பிறகுதான், வளர்ச்சிசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அன்றாடக் காரியங்களில் துணை செய்யும் ஒரு சேவையை நாடினோம். வாரத்தில் 5 நாள், காலையில் 2 மணி நேரம் என்ற கணக்கில் 14 மாதங்கள் கடந்துவிட்டன. குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய சேவையை அமர்த்திக்கொள்ள எண்ணும் குடும்பத்தார் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு இந்த அனுபவம் பயன்படக்கூடும்.

முதல் நாள் வந்த ஒருங்கிணைப்பாளர், “ஒரு காலைப் பொழுது முழுவதும் வழக்கம்போலவே இருங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றார். மடியில் ஒரு தாள் வைத்திருந்தார். தம்பி எழுந்ததிலிருந்து உடுத்தி முடிக்கும் வரை, அவனுக்கு முன்னால் எங்கள் கை எத்தனை முறை முந்திக்கொண்டது என்பதைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மொத்தம் 23 முறை. பற்பசையைப் பிதுக்கியது, துண்டை எடுத்துத் தோளில் போட்டது, செருப்பை நேராகத் திருப்பி வைத்தது எல்லாம் அதில் அடக்கம். மறுநாள் எங்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு அதே காரியங்களை அவனிடமே விட்டுப் பார்த்தார். 23இல் 9ஐ அவனுக்கு ஏற்கெனவே செய்யத் தெரிந்திருந்தது. நாங்கள்தான் செய்ய விட்டதில்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பாசத்தோடு செய்ததையெல்லாம் ஒரு தாளில் கோடுகளாகப் பார்க்க நேர்ந்த அவரிடம் அதை இன்னும் இதமாகச் சொல்லியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால், படிவத்தை நீட்டி, ‘தானே குளிப்பாரா: ஆம் அல்லது இல்லை’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவதையே மதிப்பீடு என்று சொல்லும் சேவைகளும் உள்ளன என்பதால், இந்த முதல் இரண்டு நாட்களுக்கு முழு மதிப்பெண் தருவேன்.

அடுத்துச் சொல்ல வேண்டியது கற்பிக்கும் முறை. ஒரு காரியத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது சிறப்புக் கல்வியில் நெடுங்காலமாகப் புழங்கும் வழிதான் என்றாலும், அதை வீட்டுக்குள் பொறுமையாகச் செய்ய ஆள் வேண்டும். சட்டையில் 7 பொத்தான்கள். ஆறையும் உதவியாளர் போட்டுவிடுவார்; ஏழாவது மட்டும் தம்பிக்கு. பொத்தானின் விளிம்பை இரு விரல்களால் பிடித்துத் துளைக்குள் பாதி நுழைத்ததும், கையை மாற்றி மறுபக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். அந்தக் கைமாற்றத்தில்தான் ஒவ்வொரு முறையும் பொத்தான் அவனிடமிருந்து நழுவியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசைகள் தளர்வாகவும் விரல்கள் குட்டையாகவும் இருப்பது வழக்கம் என்பதால், முதல் 3 வாரங்களுக்குப் பெரிய பொத்தான்கள் தைத்த சட்டையையே பயன்படுத்தினார்கள். முதல் பொத்தானிலிருந்து தொடங்கியிருந்தால் பாதியில் சலித்து விலகியிருப்பான். கடைசிப் பொத்தான் என்பதால், அதைப் போட்ட மறுகணம் சட்டையை உடுத்தி முடித்தவன் அவனாகவே இருந்தான். கண்ணாடிக்கு எதிரே போய் நின்றும் பார்த்துக்கொண்டான். ஏழையும் தானே போடுவதற்கு 11 வாரங்கள் ஆயின.

உதவியில் படிநிலைகள் உண்டு: கையைப் பிடித்துச் செய்விப்பது, செய்து காட்டுவது, விரலால் சுட்டுவது, வாயால் சொல்வது. இவற்றில் வாய்ச்சொல்தான் மிக லேசானது என்று நான் நினைத்திருந்தேன். பின்னாளில் விலக்கிக்கொள்வதற்கு அதுதான் மிகக் கடினம் என்று எங்களிடம் வந்த மூத்த உதவியாளர் விளக்கினார். ‘அடுத்தது சோப்பு’, ‘அடுத்தது முதுகு’ என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் குரலும் குளியலின் ஒரு படியாகிவிடும். குரல் வராத நாளில் மனிதர் சோப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவார். அம்மா ஊரில் இல்லாத ஒரு நாளில் என் தம்பி அப்படி நின்றதை நானே கண்டிருக்கிறேன். பிடிவாதம் என்று அதட்டியும் இருக்கிறேன். இவர்கள் குளியலறைச் சுவரில், ஈரம் புகாத உறைக்குள் 6 படங்களை வரிசையாக ஒட்டினார்கள். தம்பி தயங்கினால் உதவியாளர் 10 வினாடி காத்திருப்பார். பிறகும் தயக்கம் நீடித்தால் வாய் திறக்காமல் படத்தைச் சுட்டுவார். அந்த 10 வினாடி காத்திருக்கத்தான் எங்கள் குடும்பம் அதிகம் பாடுபட்டது.

நான் எதிர்பாராத மாற்றம் ஒன்று அழைக்கும் முறையில் வந்தது. உறவினர், அக்கம்பக்கத்தார், மருத்துவமனை ஊழியர் என எல்லாரும் என் தம்பியை ‘வா, போ’ என்றுதான் அழைப்பார்கள். அவனைவிடப் பத்து வயது இளையவர்கள்கூட ‘செல்லம்’ என்று கன்னத்தைத் தட்டுவார்கள். இந்தச் சேவையின் உதவியாளர்கள் முதல் நாளிலிருந்தே ‘அண்ணா, வாங்க’ என்றார்கள். முதல் முறை கேட்டதும் அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான், அப்பா வந்து நிற்கிறாரோ என்று. சில வாரங்களில் பழகிவிட்டது. இப்போது யாராவது ‘வா’ என்றால் காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறான். (இங்கே நான் ‘அவன்’ என்று எழுதுவது அக்கா என்ற உரிமையில்.) குளியலறைத் துணைக்கு ஆண் உதவியாளரையே அனுப்புவதும், கதவைத் தட்டிவிட்டு நுழைவதும் சேவையின் விதிகளாக இருந்தன. அவற்றை நாங்கள் கேட்டுப் பெற வேண்டியிருக்கவில்லை.

இனி குறைகள். 14 மாதத்தில் 5 உதவியாளர்கள் மாறிவிட்டார்கள். ஒருவர் விலகும்போது, வருபவர் ஒரு வாரமாவது அவரோடு சேர்ந்து வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தும், இரண்டு முறைதான் அது நடந்தது. மற்ற நேரங்களில் தம்பி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒருமுறை பொத்தான் கணக்கே ஏழிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது. ஆள் மாறுவது இத்துறையில் எங்கும் உள்ள சிக்கல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எழுதிவைத்த வாக்கைக் காப்பாற்றுவது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை, தினசரிக் குறிப்பேட்டில் தெரியவந்தது. எட்டாவது மாதத்தில் தம்பி மந்தமானான். எழுப்ப நேரமாயிற்று, படங்களைப் பார்த்தும் நகரவில்லை. அப்போது வந்துகொண்டிருந்த உதவியாளர் தொடர்ந்து 3 வாரம் ‘பிடிவாதம்’, ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதி வைத்திருந்தார். மாற்றாக இரண்டு நாள் மட்டும் வந்த இன்னொருவர், ‘மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார், தோல் உலர்ந்திருக்கிறது, குரல் கரகரக்கிறது’ என்று எழுதினார். அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைந்திருப்பது தெரிந்தது; மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் பழைய சுறுசுறுப்பு திரும்பியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் தைராய்டுக் குறைவு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதால் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும் என்பது இத்துறையினருக்குப் புதிய செய்தியல்ல. தன் உடம்புக்கு என்ன என்று சொல்லத் தெரியாதவரிடம் தோன்றும் எந்த மாற்றத்தையும் அவருடைய குறைபாட்டின் கணக்கிலோ குணத்தின் கணக்கிலோ எழுதிவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இங்கே கண்டோம். சேவையை அமர்த்தும் முன், குறிப்பேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் கண்ணால் கண்டது எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் எங்கள் புகாரை ஏற்று, ‘பிடிவாதம்’ என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதக்கூடாது என்று விதித்ததாகத் தெரிவித்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் குறிப்பேட்டில் வரவில்லை.

நேரக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. உதவியாளர் அரை மணி தாமதமாக வந்தாலும் 2 மணி நேர வேலை முடிந்ததாகவே பதிவாக வேண்டும் என்பதால், அப்படிப்பட்ட நாட்களில் அவரே சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தானையும் போட்டுவிடுவார். வேலை முடிந்துவிடும், கற்றல் நடக்காது. 1980களில் பிரிட்டனில் உருவான ‘ஆக்டிவ் சப்போர்ட்’ என்ற அணுகுமுறை, வேலையை முடித்துக் கொடுப்பதைவிட அந்த வேலையில் மனிதரைப் பங்கேற்க வைப்பதையே உதவியாளரின் பணியாகக் கொள்கிறது. இந்நிறுவனமும் தன்னை அவ்வழியில் நடப்பதாகவே சொல்லிக்கொள்கிறது. அப்படியானால் கால் மணி குறைந்தாலும் பரவாயில்லை, இன்று இரண்டு படிகள் மட்டும் செய்தோம் என்று எழுதும் துணிவை அது தன் ஊழியருக்குத் தந்திருக்க வேண்டும்.

ஆபத்தைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக எழுதிய அமெரிக்கரான ராபர்ட் பெர்ஸ்கே 1972இல் முன்வைத்த ‘இடர் ஏற்கும் கண்ணியம்’ என்ற கருத்து, எல்லா ஆபத்திலிருந்தும் ஒருவரைக் காத்துவிட்டால் அவருடைய மனிதத்தன்மையிலும் கொஞ்சத்தைப் பறித்துவிடுகிறோம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கும். வெந்நீர்க் குழாய்க்கு முன் நிற்கும்போது பெற்ற வயிறு கேட்காது. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும். ஆகவே குழாயில் 43 டிகிரிக்கு மேல் சூடு ஏறாதபடி கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள். அதன் பிறகு குழாயைத் திருப்பும் வேலையை முழுவதும் அவனிடமே விட்டார்கள். காயம் தரக்கூடியதைக் கருவியால் தடுத்துவிட்டு, சங்கடம் மட்டுமே தரக்கூடியதை அவன் போக்கில் விட்டார்கள். ஒருநாள் குறிப்பேட்டில் இப்படி இருந்தது: ‘பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். கண்ணாடியில் சுட்டிக்காட்டினேன். இருக்கட்டும் என்றார். அப்படியே வெளியே போய் வந்தோம்.’ அம்மா அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பொருமினார்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். முதல் ஒப்பந்தம் அம்மாவின் பெயருக்கு வந்தது. தம்பி கையெழுத்திட அதில் இடமே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19ஆவது பிரிவு சொல்கிறது. அதைத் தன் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் நிறுவனம், சேவையைப் பெறுபவரிடமே சம்மதம் கேட்க மறந்தது எனக்கு எரிச்சலூட்டியது. கேட்ட பிறகு, பெரிய எழுத்தும் படங்களுமாக 4 பக்கத்தில் ஒரு எளிய வடிவம் தந்தார்கள். அதை அவனுக்கு விளக்க இரண்டு மாலைகள் ஆயின.

இரவு முழுவதும் துணை தேவைப்படுபவர்களுக்கோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கோ இந்த 2 மணி நேர ஏற்பாடு போதாது. அவர்களுக்கு வேறு வகைச் சேவை வேண்டும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, குறைகளோடு சேர்த்தே, இதைப் பரிந்துரைப்பேன். 5 மதிப்பெண்ணுக்கு மூன்றரை. அடுத்த ஆண்டுக்கும் நீட்டித்திருக்கிறோம், இரண்டு நிபந்தனைகளோடு. புதியவர் வந்தால் பழையவர் ஒரு வாரம் உடன் வந்தே ஆக வேண்டும் என்பது நான் எழுதிச் சேர்த்தது. எந்த நாட்கள் என்று படம் காட்டிக் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடியவன் தம்பி. அன்று யாரும் வரக்கூடாது என்பது இரண்டாவது.