வயிற்று அடைப்புக்கு ஸ்டென்ட்: அப்பாவுக்கு வைத்த அனுபவம்

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். கட்டி வளர்ந்து இரைப்பையின் கீழ்வாயை அடைத்துவிட்டதால், சாப்பிட்டது எதுவும் குடலுக்கு இறங்கவில்லை. முந்தின நாள் சாப்பிட்ட இட்லி மறுநாள் அப்படியே வாந்தியில் வந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாய், வைத்தோம். இதே நிலையில் அலைந்துகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, டாக்டர் ஒளிக்காமல் பேசியதுதான். "இது கட்டியைக் கரைக்காதுங்க ஐயா. வாய் வழியா சாப்பிட வழி பண்ணும்" என்று அப்பாவிடமே சொன்னார். "அது போதும்மா" என்றார் அப்பா. இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு இடத்தில் இணைக்கும் பைபாஸ் ஆபரேஷனைப் பற்றியும் விளக்கினார். உடம்பில் தெம்பு இருந்து, இன்னும் பல மாதம் இருப்பார் என்று தோன்றினால் அதுதான் அதிக நாள் தாங்குமாம். எலும்பும் தோலுமாக இருந்த அப்பாவுக்குக் கத்தி வேண்டாம் என்று முடிவானது.

முதலில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தேங்கிக் கிடந்ததை எல்லாம் எடுத்தார்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே. அப்புறம் எண்டோஸ்கோபியில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கட்டியின் நடுவே மெல்லிய கம்பியை நுழைத்து, அதன் மேல் சுருங்கிய வலைக்குழாயை ஏற்றி விரித்தார்கள். படத்தையும் காட்டினார்கள். இரண்டு முனையும் விரிந்து, நடுவில் உடுக்கை மாதிரி ஒடுங்கியிருந்தது. ஓரிரு நாளில் தானாகவே இன்னும் விரியும் என்றார்கள். தண்ணீர், வடிகட்டிய கஞ்சி, பிறகு குழைந்த மோர் சாதம் என்று ஒவ்வொன்றாக இறங்கியது. வாந்தி நின்றது.

குறை ஒன்றுண்டு. டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த உணவுத் தாள் முழுக்க இங்கிலீஷ். விளக்கிச் சொல்ல ஆளில்லை. அப்பா இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் பயிரிட்டவர். அதைச் சாப்பிடலாமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அடுத்த முறை போனபோதுதான் டயட்டீஷியனைப் பார்க்க முடிந்தது. நார், தோல், விதை எல்லாம் வலையில் சிக்கும், கீரைத்தண்டு, முருங்கைக்காய், ஆரஞ்சுச் சுளை, கறித்துண்டு கூடாது என்றார். கத்தரிக்காயைச் சுட்டு, தோலுரித்து, விதை நீக்கி மசித்தால் கொஞ்சம் கொடுக்கலாம். அன்று ராத்திரியே அம்மா கொத்சு செய்தார். அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதை முதல் நாளே, தமிழில், சமைக்கிறவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒன்று: ஸ்டென்ட்டின் விலை தனி. காப்பீட்டில் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்டி வலைக்கண்களுக்குள் வளர்ந்து மறுபடியும் அடைக்கலாம். ஸ்டென்ட் நகரவும் கூடும். அப்படி ஆனால் பெரும்பாலும் இன்னொன்று வைக்க முடியும். அதனால் வாந்தி திரும்பினாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.