மாருதி 800, 1997 மாடல்: பதின்மூன்று வருடக் கணக்கு

2012 ஜூனில் இந்த வண்டியை வாங்கினேன். பதிவாகிச் சரியாகப் பதினைந்து வருடம் முடிந்த மாதம், அதாவது ஆர்டிஓவில் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதம். "எஃப்சி செலவை நீங்க பாத்துக்கோங்க" என்று விற்றவர் நாலாயிரம் குறைத்ததில் 42,000 ரூபாய்க்கு முடிந்தது. வெள்ளை நிறம், நாலு கியர், கார்புரேட்டர், பேருக்கு ஒரு ஏசி. ஓடோமீட்டர் 61,000 காட்டியது. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. 61,000 கிலோமீட்டரில் ரப்பர் அப்படித் தேயாது என்று இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி அடித்து மேலே பெயிண்ட் பூசிய இடத்தில் வழுக்கிக்கொண்டு விழும். நான் காந்தமும் கொண்டுபோகவில்லை, கால் மேட்டையும் தூக்கிப் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்த பெயிண்டைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்த வருட மழையில் டிரைவர் காலடியில் தண்ணீர் நின்றது. டிங்கரிங் பட்டறையில் மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார்கள். அது அப்படியே உள்ளே போனது. ஓட்டை வழியே பட்டறைத் தரை தெரிந்தது.

கோயம்புத்தூரில் கடல் காற்று கிடையாது, துரு வராது என்று நினைத்திருந்தேன். வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வழி வைத்திருப்பார்கள். முன்னாள் உரிமையாளர் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார் போல. அந்த வழி முழுக்க மக்கிய இலை. தண்ணீர் உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறி, தகட்டைத் தின்றிருக்கிறது. பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தது முதல் பெரிய செலவு. இப்போதும் ஐப்பசி வருவதற்கு முன்னால் பானட்டைத் தூக்கி இலையெல்லாம் பொறுக்குவது வருடாந்தர வேலை.

அடுத்தது குன்னூர் மலைப்பாதை. 2014 மே மாதம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாங்கியதிலிருந்தே இந்த வண்டியின் டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே கிடக்கும். நானும் "இஞ்சின் சும்மா ஐஸ் மாதிரி ஓடுது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். காலையில் கிளம்பினால் மூன்று கிலோமீட்டர் வரை திக்கித் திணறும். மைலேஜ் 13 தாண்டாது. பழைய வண்டி என்றால் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். உண்மையில் எப்போதோ யாரோ ஒரு பட்டறையில் இஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேனைச் சாவி போட்டதும் ஓடுகிற மாதிரி டைரக்ட் செய்திருந்தார்கள். நம் ஊரில் ஹீட் ஆகும் வண்டிக்கு எல்லாரும் செய்யும் வைத்தியம் இது. இஞ்சின் சூடேற வேண்டிய அளவுக்கு ஏறவே ஏறாது, பெட்ரோலைக் குடிக்கும். ஓயாமல் ஓடி ஓடி ஃபேன் மோட்டாரும் ஒயரும் ஒருநாள் கருகும்.

அந்த ஒருநாள் கல்லாறு தாண்டி, பர்லியாறுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. சீசன் கூட்டம், வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஃபேன் நின்றது எனக்குத் தெரியவில்லை. ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, வெறும் குழாய்த் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீர் நாக்குக்கு எவ்வளவு ருசியாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு அது தண்ணீர்தான். உள்ளே துருவும் படிவும் சேர்ந்து பாதி வழி ஏற்கெனவே அடைத்திருந்தது. முள் மேலே போனதைப் பார்த்து ஓரம்கட்டியபோது பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் கேஜைத் தூக்கிப் பார்த்தால் பால் டீ நிறம். இஞ்சினில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது.

மேட்டுப்பாளையம் வரை இழுத்துக்கொண்டு வந்து, அங்கிருந்து டெம்போவில் ஏற்றி வீடு சேர்த்தோம். 800இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் வளையும். லேத்தில் கொடுத்து முகம் சீவி, புது கேஸ்கெட், வால்வு சீல் எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் ஆனது.

அந்த வேலையைச் செய்தவர்தான் இன்று வரை என் மெக்கானிக். ரத்தினபுரிப் பக்கம் தகரக் கொட்டகை. அறுபதை நெருங்குகிறவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவது. புது தெர்மோஸ்டாட், ஃபேனுக்குப் புது ஸ்விட்ச், ரேடியேட்டர் முழுக்கப் பிரித்துக் கழுவி, கூலன்ட் ஊற்றினார். "கம்பெனிக்காரன் லூசு இல்லீங்க தம்பி. ஒரு சாமானை வெச்சிருக்கான்னா காரணம் இருக்குமுங்க" என்றார். மைலேஜ் 17க்கு வந்தது. காலைத் திணறலும் போயிற்று.

இவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டவன் அடுத்த வருடமே அலாய் வீல் போட்டேன்.

என்ன செய்வது, ஆசை. 12 இஞ்சுச் சக்கரம் அந்த உடம்புக்குப் பொம்மை மாதிரி தெரிந்தது. 13 இஞ்சு அலாய், அகல டயர், முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டித் தாழ்த்தல், கூடவே புகையை அதிகம் தடுக்காமல் வெளியே விடும் ஒரு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். நிறுத்தி வைத்தால் பார்க்க அம்சமாக இருந்தது. ஓட்டும்போதுதான் வினை. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகல டயர் என்றால், பார்க்கிங்கில் திருப்ப இரண்டு கையும் போதாது. ஆள் ஏறினால் பின் டயர் மட்கார்டில் உரசும். ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்சர் தரையைத் தேய்க்கும் சத்தம். ஏற்கெனவே நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத மூன்று சிலிண்டர் இஞ்சின் அது. ஃப்ரீ ஃப்ளோ போட்டதும் சத்தம் ரேஸ் வண்டி மாதிரி, இழுவை முன்பைவிடக் குறைவு. கீழ் ஆர்பிஎம்மில் இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போயிற்று. இரவு பத்து மணிக்குத் தெருவுக்குள் வந்தால் நாய்கள் எழுந்து வரவேற்கும். எட்டு மாதத்தில் முன் வீல் பேரிங் ஒன்று ஊளையிட ஆரம்பித்தது.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஸ்பிரிங்கை வெட்டியது வெட்டியதுதான், ஒட்ட முடியாது. நாலும் புதிதாக வாங்க வேண்டி வந்தது. அலாய் சக்கரங்கள் மொட்டை மாடியில் இருக்கின்றன. ஒன்றின் மேல் வீட்டுக்காரி புதினாத் தொட்டி வைத்திருக்கிறார்.

கழற்றாமல் நிலைத்த மாற்றங்களும் உண்டு. அவை எதுவும் வெளியே தெரியாது. முதலில் ஹெட்லைட். பழைய வண்டிகளில் லைட் மங்கலாக எரிவதற்குப் பல்பைக் குறை சொல்வோம், 100 வாட் பல்பு வாங்கிப் போட்டு ஹோல்டரை உருக்குவோம். விஷயம் ஒயரில் இருக்கிறது. லைட்டுக்குப் போகும் மொத்தக் கரண்டும் பேட்டரியில் இருந்து கிளம்பி, டேஷ்போர்டு ஸ்விட்ச் வரை வந்து, திரும்ப முன்னால் போகிறது. இருபது வருடம் பழுத்த காப்பரும் ஸ்விட்ச் முனைகளும் வழியிலேயே வோல்டேஜைத் தின்றுவிடும். பேட்டரிப் பக்கத்திலேயே இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), ஃபியூஸோடு புது ஒயர் போட்டதும், அதே 60/55 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆயிரத்து சொச்சம் ரூபாய். இந்தப் பதின்மூன்று வருடத்தில் நான் செய்த வேலைகளில் இதற்குத்தான் முதல் மார்க்.

பிறகு இஞ்சின் மவுண்டிங், அதாவது இஞ்சினைத் தாங்கும் ரப்பர். நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங் கைக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் அது "மூணு சிலிண்டர் வண்டின்னா அப்படித்தான்" இல்லை, ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். இதில் டூப்ளிகேட் வாங்கி ஒரு முறை ஏமாந்தேன், ஆறு மாதத்தில் பிளந்தது. கதவுகளுக்குள் சத்தம் தணிக்கும் ஷீட் ஒட்டியதும் நல்ல காரியம். கதவைச் சாத்தினால் தகர டப்பாச் சத்தம் வருவதில்லை.

உதிரிபாகம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்தது, 2014 ஜனவரி வரை தயாரித்தார்கள். முப்பது வருடம் ஓடிய மாடல் என்பதால் ஓடத் தேவையான சாமான் எதற்கும் தட்டுப்பாடு இல்லை. ஓடாத சாமான்தான் கிடைக்காது. ஜன்னல் பீடிங், டேஷ்போர்டு பிளாஸ்டிக், நிறம் மாறாத சீட் துணி, இதற்கெல்லாம் உக்கடம் பழைய மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்க வேண்டும். ஒரு முறை டிக்கி லாக் தேடிப் போனவன், தேவையே இல்லாமல் இரண்டு சைடு மிரர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆள் பஞ்சம்தான் பெரிது. புதிதாகத் திறந்த ஒரு பட்டறையில் ஐடில் சரியில்லை என்று விட்டேன். பையன் ஸ்கேனர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து தேடினான். "சார், இதுல மாட்ட எடமே இல்லையேங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை, அவன் பிறந்த வருடத்துக்கு முந்திய வண்டி. எங்கள் அண்ணா ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துச் சைலன்சர் வாயில் பிடிப்பார். காகிதம் சீராக வெளியே படபடத்தால் சரி. இடையிடையே உள்ளே இழுத்தால் வால்வு எங்கோ சரியாக உட்காரவில்லை. காகிதத்துக்கு விலை இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் இன்னும் எத்தனை வருடம் கடை திறப்பார் என்பதுதான் என் கவலை. அவருடைய மகன் வெல்டிங் கடை வைத்துவிட்டான்.

அண்மைக் காலத் தலைவலி இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்துப் பிளக்கும். காற்றின் ஈரத்தை இழுக்கும், டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் அடைக்கும். இஞ்செக்‌ஷன் வண்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கொஞ்சமாவது சமாளித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. லீனாக, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து ஓடும், ஏறும்போது இருமும். 2024இல் மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை கார்புரேட்டரைப் பிரித்தோம். பிறகு அண்ணா பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, வழியில் ஒரு ஃபில்டர் கூட்டி, மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினார். இருமல் நின்றது. மைலேஜ் 17இலிருந்து 15க்கு இறங்கியதை ஏற்றுக்கொண்டேன். இன்னொன்று, வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டிவிடுகிறேன்.

ஆர்டிஓ கதை தனி. டெல்லியாக இருந்தால் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருடத்தோடு கதை முடிந்திருக்கும். இங்கே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2017இல் நான் கட்டிய கட்டணம் சில நூறு. 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது, என் முறை வந்தது அந்த ஜூனில். 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள், அது எனக்கு 2027இல் காத்திருக்கிறது. தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு கெடுபிடியும் கூடியிருக்கிறது. அதற்கு முன்பே எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்ததால் 2022இல் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆய்வாளர் சுற்றி வந்து, "பரவால்லீங்க, அப்படியே வெச்சிருக்கீங்க" என்றார். மொட்டை மாடிப் புதினாவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. விண்டேஜ் என்று பதிவு செய்ய ஐம்பது வருடம் ஆக வேண்டும். அதாவது 2047. எனக்கு அப்போது எழுபத்தெட்டு.

நோட்டில் எழுதி வைத்த கணக்குப்படி பெட்ரோல், இன்சூரன்ஸ் நீங்கலாக இதுவரை 2,86,000 ரூபாய். அதில் போட்டுக் கழற்றிய அலங்காரங்களுக்கும், அவற்றைச் சரிசெய்வதற்கும் மட்டும் 41,000. அதாவது வண்டி வாங்கிய விலையைக் கிட்டத்தட்ட இன்னொரு முறை வீசியிருக்கிறேன். இதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊருக்குள் ஓட்ட, கற்றுக்கொள்ள, சந்துகளில் நுழைய இதைப் போல வண்டி கிடையாது. ஆனால் ஏர்பேக் இல்லை, தகடு மெல்லியது, எடை 650 கிலோவை ஒட்டி. அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் கடந்து போனால் வண்டியே ஒரு அடி நகரும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான் நெடுந்தூரம் போவதில்லை, அதற்கு வீட்டில் வேறு கார் இருக்கிறது. ஒரே வண்டியாக இதை வைத்துக்கொள்ள நினைத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இப்போதைக்கு இரண்டாவது கியர் போடும்போது கரகரக்கிறது. கியர் கரகரக்காமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கப் போகிறோம் என்றதும் எனக்கு உடனே ஐந்து கியர் பாக்ஸ் ஞாபகம் வந்தது. பின்னால் வந்த 800இல் இருந்ததே, உக்கடத்தில் கிடைக்குமே என்று இழுத்தேன். அண்ணா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "மாடியில இன்னும் எடம் இருக்குதுங்களா?" என்றார். நாலு கியருக்கான ரிங்கையே சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறது.