ஸ்பானிஷில் கிழமையும் பொழுதும்: மாட்ரிட்டில் ஏழு வருடப் பழக்கம்

மாட்ரிட்டுக்கு வந்த முதல் மாதம், கூட வேலை பார்க்கும் பெண் ஒருவர் 'மெதியோதியாவுக்குச் சாப்பிடப் போகலாம்' என்றார். மெதியோதியா என்றால் நண்பகல் என்று வகுப்பில் படித்திருந்தேன். அதனால் பன்னிரண்டு மணிக்கே உணவகத்து வாசலில் போய் நின்றேன். ஒன்றரைக்குத்தான் அடுப்பு பற்றவைப்போம் என்றார்கள். அவர் வந்தது இரண்டு மணிக்கு. அவர் கணக்கில் அது தாமதமே இல்லை. மெதியோதியா என்பது அவருக்குச் சாப்பாட்டு வேளை, ஸ்பெயினில் சாப்பாட்டு வேளை இரண்டு மணி.

கிழமையும் நேரமும் எந்தப் பாடப்புத்தகத்திலும் மூன்றாவது, நான்காவது பாடமாக வந்துவிடும். இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிடும். புழக்கத்துக்கு வர எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதித் தாமதத்துக்குக் காரணம், நான் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படித்தது. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் பல இடங்களில் வழி குறுகியிருக்கும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிழமைகளையே பாருங்கள். லூனெஸ், மார்த்தெஸ், மியேர்கொலெஸ், ஹுவேபெஸ், பியேர்னெஸ். ஆங்கிலம் வழியாக வந்தால் இவை ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து ஒலிகள். ஆங்கிலத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரை வடஐரோப்பியத் தெய்வங்களின் பெயர்கள். ஸ்பானிஷுக்கு இந்த ஐந்தும் லத்தீனிலிருந்து வந்தவை, எல்லாமே கோள்கள். லூனா என்றால் நிலா, அதுதான் நம் திங்கள். மார்த்தெ என்பது செவ்வாய்க் கோள், மெர்குரியோ புதன், ஹூப்பித்தெர் வியாழன், பேனுஸ் வெள்ளி. வரிசைகூட மாறவில்லை. இது புரிந்த அன்றைக்குப் பிறகு நான் கிழமைப் பெயரில் தடுமாறியதே இல்லை. சனி ஞாயிறு மட்டும் நம் வழியில் வராது. சாபதோ யூதர்களின் ஓய்வுநாளிலிருந்து வந்தது. தொமிங்கோ ஆண்டவரின் நாள்.

இன்னொரு ஒற்றுமை என்னை உண்மையிலேயே நெகிழ வைத்தது. 'செவ்வாயோ வெறுவாயோ' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைப் போலவே, செவ்வாயன்று கல்யாணமும் செய்யாதே, கப்பலும் ஏறாதே என்று ஸ்பானிஷில் ஒரு பழமொழி இருக்கிறது. மேற்கில் பல நாடுகளில் பயப்படும் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே பெரிய விஷயமில்லை. 13ஆம் தேதி செவ்வாயில் வந்தால்தான் பேச்சு எழும்.

உச்சரிப்பிலும் தமிழ் கைகொடுக்கிறது. மார்த்தெஸ் என்பதில் வருவது நம் 'த்'. ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட்' ஆக்கினால் உடனே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். சாபதோவில் வரும் 'த' நம் 'அது' என்ற சொல்லில் இருக்கும் மென்மையான 'த'தான். காலையையும் நாளையையும் குறிக்கும் மஞானாவில் இருப்பது அப்பட்டமான 'ஞ'. ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் பழகும் ஒலி இது.

ஒரு சின்ன இலக்கணம். 'எல் லூனெஸ்' என்றால் திங்கட்கிழமை, 'லோஸ் லூனெஸ்' என்றால் திங்கட்கிழமைதோறும். நடுவே வேறு முன்னிடைச்சொல் எதுவும் வேண்டாம். 'திங்கட்கிழமை வருகிறேன்' என்று உருபு இல்லாமல் நாம் சொல்வது போலவே. ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு, 'இல்' என்ற பொருள் தரும் ஸ்பானிஷ் 'என்' சேர்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை, நானும் ஒரு வருடம் செய்தேன். 'வருகிற வெள்ளி' என்பதற்கு 'எல் பியேர்னெஸ் கே பியேனெ'. கே பியேனெ என்றாலே 'வருகிற'. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. முந்தாநாளுக்கு 'ஆந்தெஅயேர்' என்று ஒற்றைச் சொல்லும் உண்டு.

தமிழ் காலை வாரிவிடும் இடம் முக்கால் மணி. நாம் மூன்றே முக்கால் என்று கூட்டுகிறோம். ஸ்பெயினில் நாலிலிருந்து கால் கழிக்கிறார்கள்: 'லாஸ் குவாத்ரோ மேனோஸ் குவார்த்தோ'. குவாத்ரோ நான்கு, குவார்த்தோ கால். தொலைபேசியில் வேகமாகக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். வாடகை வீடு பார்க்க இப்படி ஒரு நேரம் கொடுத்தார்கள், நான் நாலேகால் என்று எடுத்துக்கொண்டேன். அரைமணி நேரம் பிந்திப் போனேன், அதற்குள் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. நல்ல வெளிச்சமான வீடு, இன்றும் வருத்தம்தான். அன்றிலிருந்து 'மேனோஸ்' காதில் விழுந்தால், கேட்ட எண்ணுக்கு முந்தைய மணியை மனதில் வைத்துக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் 'மூன்று நாற்பத்தைந்தா?' என்று எண்ணாகவே திருப்பிக் கேட்டுவிடுகிறேன். யாரும் தவறாக நினைப்பதில்லை.

எழுத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ரயில் நிலையத்திலும் கடைக் கதவிலும் 24 மணி நேரக் கணக்குதான். கைப்பேசி நாட்காட்டியை ஸ்பானிஷுக்கு மாற்றியது எனக்கு எந்தச் செயலியையும்விட அதிகம் உதவியது. அதில் புதன்கிழமைக்கு 'எக்ஸ்' எழுத்து போட்டிருக்கும், செவ்வாயும் புதனும் ஒரே எழுத்தில் தொடங்குவதால். வாரமும் திங்களில்தான் தொடங்கும்.

இனி பொழுதுகள். மதியமும் சாயங்காலமும் சேர்ந்து ஒரே 'தார்தே'. வணக்கம் சொல்வது, சாப்பிட்டு முடிக்கும் வரை 'புவேனோஸ் தியாஸ்', அதற்கப்புறம்தான் 'புவேனாஸ் தார்தெஸ்'. ஒன்றரை மணிக்கு மின்தூக்கியில் 'புவேனோஸ் தியாஸ்' கேட்டால் குழம்ப வேண்டாம், சொன்னவர் இன்னும் சாப்பிடவில்லை. ஜூன் கடைசியில் மாட்ரிட்டில் இரவு ஒன்பதே முக்கால் வரை சூரியன் இருக்கும். ஒன்பது மணியைத் தார்தே என்பதா, இரவைக் குறிக்கும் நோச்சே என்பதா என்று இங்கேயே பிறந்தவர்களும் யோசிப்பார்கள். இதற்கு 1940இல் எடுத்த ஒரு முடிவும் காரணம். பூகோளப்படி ஸ்பெயின் லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு. அந்த வருடம் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி பெர்லினோடு சேர்த்தது, திரும்ப மாற்றவே இல்லை. வானொலியில் மணி சொல்லும்போதெல்லாம் 'கனாரியாஸில் ஒரு மணி குறைவு' என்று சேர்ப்பார்கள், அந்தத் தீவுகள் வேறு நேரத்தில் இருப்பதால்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் மத்ருகாதா. நள்ளிரவு தாண்டி விடியும் வரை உள்ள பொழுது. நம் சாமமும் விடியற்காலையும் இதற்குள் அடங்கிவிடும். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அழைப்பு வந்தது 'மத்ருகாதாவில் மூன்று மணி'க்கு. மறுநாள் வேலையிடத்தில் அந்த ஒரு சொல்லைச் சொன்னதும், வேறு எதுவும் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

'கின்ஸெ தியாஸ்' என்றால் பதினைந்து நாள், ஆனால் கணக்கில் இரண்டு வாரம். இன்று வியாழன் என்றால் அதுவும் வியாழன்தான். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய் நிற்காதீர்கள்.

படித்த ஸ்பானிஷ் எந்த நாட்டுடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்சிகோக்காரர்கள் முக்கால் மணிக்கு 'நாலுக்குக் கால் இருக்கிறது' என்ற பொருளில் 'குவார்த்தோ பாரா லாஸ் குவாத்ரோ' என்பார்கள், அது காதுக்குத் தெளிவு. ஆனால் 'ஆஸ்தா லாஸ் தியேஸ்' என்று கடை நேரத்தைச் சொன்னால் ஸ்பெயினில் 'பத்து மணி வரை'. மெக்சிகோவில் அதே சொல் 'பத்து மணிக்குத்தான் திறக்கும்' என்றும் ஆகும்.

டிசம்பர் 31 இரவு, மாட்ரிட்டின் நடுவிலுள்ள புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை சாப்பிடுவார்கள். அதற்கு முன்னால் நான்கு முறை 'குவார்த்தோ' மணி அடிக்கும். முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தி, 'இவை குவார்த்தோஸ், இன்னும் இல்லை' என்றார். இப்போது புதிதாக வருகிறவர்களின் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.