கேம் ரசிகர்களின் சந்தாப் பெட்டி: மர்மப் பெட்டியா, ஒரே கேம் பெட்டியா?

சந்தா கட்டினால் கேம் சார்ந்த டிஷர்ட், பொம்மை மாதிரிப் பொருள்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. அதில் எந்தப் பெட்டிக்குச் சந்தா கட்டலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: கிடைத்த கேமையெல்லாம் விளையாடுபவரா, ஒன்றிலேயே ஊறிப்போனவரா?

எல்லாவற்றையும் விளையாடுபவருக்கு லூட் கேமிங் போன்ற மர்மப் பெட்டி பிடிக்கும். கருப்பொருளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். உள்ளே என்ன பொருள் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். அட்டையைக் கிழிக்கும் அந்த இரண்டு நிமிடச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. ஆனால் டிஷர்ட், பின், சின்ன பொம்மை என்று ஐந்தாறு பொருள் வந்தால், அதில் பாதி நாம் தொட்டே பார்க்காத கேமுடையதாக இருக்கும். எனக்கு ஒருமுறை வந்த பொம்மையில் கண்ணின் கறுப்பு மை கன்னம்வரை வழிந்திருந்தது. அலமாரியில் வைக்க மனசே வரவில்லை.

ஒரே கேமுக்கான பெட்டி வேறு ரகம். லூட் கேமிங் பெட்டியை விட்ட லூட் கிரேட் நிறுவனமே ஃபால்அவுட், ஹேலோ என்ற இரண்டு கேமுக்கும் இப்படித் தனிப் பெட்டி விட்டது. வருவது எதுவும் வீணாகாது. அந்த உலகத்தில் வாழ்ந்தவருக்கு ஒரு சின்ன பேட்ஜ்கூடப் பொக்கிஷம். இந்த வகையில் சிலவற்றில் பொம்மையின் பாகங்களைப் பெட்டிக்கு ஒன்றாக அனுப்புவார்கள். கை ஒரு பெட்டியில், கால் அடுத்த பெட்டியில். நடுவில் சந்தா நின்றால் பொம்மை ஒற்றைக் கையோடு நிற்கும்.

இது வெறும் பயமில்லை. ஆர்கேட் பிளாக் என்ற கேம் பெட்டியை அனுப்பிவந்த கனடாவின் நெர்ட் பிளாக் நிறுவனம் 2017இல் மூடப்பட்டது. 2012இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய லூட் கிரேட் 2019 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கோரியது. பிறகு வேறு கைக்கு மாறியது. அதனால் எந்தப் பெட்டியானாலும் மாதாமாதம் கட்டுங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம்.

இண்டிபாக்ஸ் என்று ஒன்று இருந்தது. சின்னக் குழுக்கள் உருவாக்கிய கேமையே கையேடும் இசையும் சேர்த்துப் பெட்டியில் அனுப்புவார்கள். அது இப்போது இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சந்தாவே வேண்டாம் என்றால், கேம் பொருள்களைத் தனித்தனியாக விற்கும் ஃபேன்கேமர் மாதிரி கடைகள் இருக்கின்றன. அண்டர்டேல் கேமின் பொம்மை வேண்டுமா, அதை மட்டும் வாங்கலாம். மர்மம் கிடையாது, டிஷர்ட் அளவு மாறிவிடுமோ என்ற கவலையும் குறைவு. நான் இப்போது வாங்குவது இப்படித்தான். அப்புறம், ஃபால்அவுட் மாதிரி ஒரே கேமில் பல வருடம் கிடப்பவர் என்றால், அதற்கான பெட்டி திரும்ப வந்தால் மட்டும் யோசியுங்கள்.